ஏகாதசியன்று போகாத பெட்டி

"அரைஞாணையுமா கழட்டணும்?"

"வெள்ளிதானே சார்? கழட்டணும்."

"வெள்ளியைக் காந்தம் இழுக்காதேம்மா. நானும் லேப் வச்சிருக்கிறவன்தான்."

"இழுக்காது சார். எம்.ஆர்.ஐ. குழாய்க்குள்ள சுடும்."

ரத்தினவேல் திரைக்குப் பின்னால் போய்க் கழற்றிக்கொண்டு வந்தார். தட்டில் ஏற்கெனவே இரண்டு மோதிரங்கள், ஒரு கைக்கடிகாரம், கறுப்புக் கயிற்றில் கோத்த செப்புத் தாயத்து. அவற்றின் மேல் அரைஞாண் சுருண்டு உட்கார்ந்தது. முதுகுப் பக்கம் நாடா கட்டிய பச்சை அங்கியில் அவர் ஒரு கையால் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு மனிதனிடமிருந்து இவ்வளவையும் வாங்கி வைத்துவிட்டால் அவன் எவ்வளவு சின்ன ஆளாகிவிடுகிறான் என்பதை ஜோதி இருபத்திரண்டு வருஷ வேலையில் தினமும் பார்த்திருக்கிறாள். இன்றைக்குத்தான் அதில் ருசி இருந்தது.

"இதெல்லாம் பத்திரமா இருக்குமாம்மா?"

"இங்க எதுவும் காணாமப் போகாது சார். எல்லாத்துலயும் பேர் எழுதி ஒட்டிடுவோம்."

முகக்கவசத்துக்கு மேல் தெரிந்த அவளுடைய கண்களை அவர் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. பிடிபடாது. அவர் அவளைப் பார்த்ததே இல்லை. அவரிடம் போய் நின்றவர் அவளுடைய கணவர் பிச்சைதான்.

காலை எட்டு மணிக்குப் பட்டியலில் பேரைப் பார்த்தபோது ஜோதி முதலில் நம்பவில்லை. ரத்தினவேல் என்று ஸ்ரீரங்கத்தில் நூறு பேர் இருப்பார்கள். பேருக்குப் பக்கத்தில் போன் நம்பர் இருந்தது. அதன் கடைசி நாலு எண்களை இரண்டு வருஷமாக அவள் மனப்பாடமாக வைத்திருந்தாள்.

ஊசிக்குழாய் பொருத்த அவரைப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போன நர்ஸ் ரோசரி, சிரிப்பை அடக்கமாட்டாமல் திரும்பி வந்தாள். பாலக்கரைக்காரி. எந்த விஷயத்தையும் வாயில் வைத்துக்கொண்டு பத்தடி நடக்க அவளால் முடியாது.

"அக்கா, இந்த ஆளு ஒரு தினுசு. நேத்து வார்டுல மூணு தடவை கேட்டாராம், என் ரத்தத்தை நிஜமாவே மிஷின்ல போட்டீங்களான்னு."

"எந்த டெஸ்டுக்கு?"

"ட்ரோபோனினுக்குத்தான். ஏகத்துக்கு ஏறியிருக்கு. ஆஞ்சியோ பண்ணிப் பாத்தாச்சு, அடைப்பு ஒண்ணும் இல்ல. பத்து நாள் முன்னாடி காய்ச்சல் வந்திருக்கு. அதான் தசையில அழற்சியான்னு பாக்க டாக்டர் நம்மகிட்ட அனுப்பியிருக்காரு. இவரு என்னடான்னா ட்யூபைக் காட்டு, அதுல என் பேர் ஒட்டியிருக்கா, மிஷின்லேர்ந்து வந்த தாளைக் காட்டுன்னு உயிரை எடுத்திருக்காரு. ஓட்டல்காரரு அடுத்த ஓட்டலுக்குப் போய் சாம்பாரை மோந்து பாக்குற மாதிரி."

ட்ரோபோனின் என்பது இதயத் தசை புண்பட்டால் ரத்தத்தில் கசியும் ஒரு புரதம். புண்படாத இதயத்தில் அது இருந்தும் இல்லாத மாதிரிதான். ஒரு சின்னக் குழாய் ரத்தம், ஒரு எண். அந்த எண்ணை வைத்துத்தான் ஒருவரை வீட்டுக்கு அனுப்புவதா, படுக்கையில் போடுவதா என்று முடிவு செய்வார்கள்.

"தாள் எப்படியெல்லாம் வரும்னு அவருக்குத் தெரியும் ரோசரி," என்றாள் ஜோதி.

"உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"அவருக்கு என்னைத் தெரியாது."

ரோசரி அவளை ஒரு மாதிரி பார்த்தாள்.

ஜோதியின் மகன் இளவரசன் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இருபத்து மூன்று வயது. ஒரு வாரமாக இருந்த காய்ச்சல் விட்டு, வைகுண்ட ஏகாதசியன்று காலை நெஞ்சு வலிக்கிறது என்றான். ஜோதி தெருக்கள் அடைபடுவதற்கு முன்பே பாலத்தைத் தாண்டி திருச்சியில் டியூட்டிக்கு வந்துவிட்டிருந்தாள். பிச்சைதான் தெருமுனை டாக்டரிடம் காட்டினார். டாக்டர் ரத்தம் பார்த்துவிடலாம் என்று எழுதிக்கொடுத்தார். ரத்தம் எடுத்தது ரத்தினவேலின் லேப்பில். பதினொன்றேகாலுக்குப் பிச்சை போன் செய்தார்.

"ஜோதி, ரிசல்ட் வந்துடுச்சு. போட்டோ அனுப்பியிருக்கேன் பாரு. அவனை அங்க கூட்டிட்டு வந்துடட்டுமா? தெருவெல்லாம் கூட்டம். ஆட்டோவை எடுக்கவே முடியாது. அம்மா மண்டபம் படித்துறை வரைக்கும் நடத்தித்தான் கூட்டிட்டு வரணும்."

அவள் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ட்ரோபோனின் 0.01. நெகட்டிவ். கீழே ரத்தினவேலின் கையெழுத்து. நேரம் பதினொன்று பத்து.

"வேணாங்க. ட்ரோபோனின் நெகட்டிவ்னா ஹார்ட்டு இல்ல. அந்தக் கூட்டத்துல அவனை நடத்த வேணாம். போனை அவன்கிட்ட குடுங்க."

"அம்மா, லேசா அடைக்கிற மாதிரி இருக்கும்மா."

"வாயுவா இருக்கும்டா. சீரகத் தண்ணி குடிச்சிட்டுப் படு. பேப்பர்ல க்ளீனா இருக்கு."

ஆஸ்பத்திரியைக் கண்ணால் பார்க்காத ஒரு அம்மாவாக இருந்தால் பேப்பரைத் தூக்கி எறிந்துவிட்டுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடியிருப்பாள். ஜோதி எண்களை நம்பிப் பிழைக்கிறவள். எண்ணை நம்பினாள். சாயந்தரம் வீட்டுக்குப் போனபோது அவன் தூங்கிக்கொண்டிருந்தான். பாவம் என்று எழுப்பவில்லை. மறுநாள் காலை ஆறு மணிக்குப் பல் தேய்க்கப் போனவன் குளியலறை வாசலில் விழுந்தான்.

அன்று பத்து இருபதுக்கு, பிள்ளையைக் கூடத்தில் கிடத்தியிருக்கும்போது, பிச்சையின் போன் அடித்தது. எடுத்தார். "பையன் போயிட்டான் சார்" என்றார். அந்தப் பக்கம் ஒரு வார்த்தை பேசாமல் வைத்துவிட்டார்கள். ரத்தினவேலின் நம்பர். பதினாலு நொடி.

ஆறு மாதம் கழித்து, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் ஜோதியின் கையைப் பிடித்தாள். அடுத்த தெருவிலிருந்து அந்த லேப்புக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ருக்ஸார். வேலையை விட்டுவிட்டிருந்தாள்.

"அக்கா, உங்க பையனுக்கு நான்தான் ரத்தம் எடுத்தேன். அன்னிக்குப் பெட்டி போகவே இல்லக்கா."

"என்ன பெட்டி?"

"ட்யூபையெல்லாம் ஐஸ் பெட்டியில வச்சு வண்டியில மெயின் லேப்புக்கு அனுப்புவோம்க்கா. மிஷின் அங்கதான் இருக்கு. ஏகாதசின்னு போலீஸ் வண்டியைத் திருப்பி அனுப்பிட்டாங்க. பெட்டி எங்ககிட்டயேதான் இருந்துச்சு."

"அப்ப அந்த நம்பர்?"

"சார் உள்ளே போய் அடிச்சிட்டு வந்தாரு."

"இதை எழுதித் தருவியாம்மா?"

"எனக்கு இப்பத்தான் மாப்பிள்ளை பேசியிருக்காங்கக்கா. கோர்ட்டு கச்சேரின்னா எங்க அத்தா விட மாட்டாங்க." அவள் அழுதாள். "மறுநாள் என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாதுக்கா. நான் லீவு."

பிச்சை லேப்புக்குப் போய்க் கேட்டார். ரத்தினவேல் நாற்காலியை விட்டு எழவில்லை. "பேப்பர் இருக்கு, கையெழுத்து இருக்கு. உங்ககிட்ட என்ன இருக்கு?" என்றார். புகார் கொடுத்தார்கள். விசாரிக்க வந்தவர்களும் அதையேதான் கேட்டார்கள்.

ஜோதியிடமும் பிச்சையிடமும் இருந்தது பதினாலு நொடி. முந்தின நாளே ரிசல்ட் கொடுத்துவிட்ட லேப்காரன் மறுநாள் எதற்காகக் கூப்பிட்டான்? சமைக்கும்போதும், பஸ்ஸில் நிற்கும்போதும், இந்தக் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து ஊராருடைய இதயங்களைப் படம் எடுக்கும்போதும் ஜோதிக்கு அந்த ஒரு கேள்விதான். அது தெரிந்தால் போதும். மீதியை அவள் பார்த்துக்கொள்வாள்.

இப்போது அதற்கு விடை சொல்லக்கூடிய ஒரே ஆள் அவள் கைக்குக் கீழே மல்லாந்து படுத்திருந்தார்.

"இந்த ரப்பர் பந்து எதுக்கும்மா?"

"முடியலைன்னா அழுத்துங்க. வெளிய எடுத்துடுவேன். ஆனா எடுத்துட்டா படம் பாதியில நிக்கும். திரும்ப முதல்லேர்ந்து."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"முக்கால் மணி நேரம். நான் சொல்றப்ப மூச்சை நிறுத்தணும். நான் சொல்றப்பதான் விடணும்."

"நீங்க சொல்ற மாதிரியே செய்யறேன்."

"அது போதும் சார்."

மார்பின் மேல் படம் பிடிக்கும் பலகையைப் பொருத்தி, காதுகளில் ஹெட்போனை மாட்டி, மேசையை உள்ளே அனுப்பினாள். தலை, தோள், மார்பு என்று ஒவ்வொன்றாகக் குழாய்க்குள் போனது. பாதங்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பித்தவெடிப்பு நிறைந்த பாதங்கள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து, பேசும் பொத்தானை அழுத்தினாள்.

"மூச்சை இழுங்க. விடுங்க. நிறுத்துங்க."

இயந்திரம் தகரத்தில் அடிப்பது போலச் சத்தம் போட்டது. திரையில் ரத்தினவேலின் இதயம் வந்தது. சாம்பல் நிறத்தில், குவிந்து விரிந்து, எல்லோருடையதையும் போல. நீர் கோத்த இடத்தை வெளுப்பாகக் காட்டும் படங்களில், வெளிச்சுவரில் ஓரிடம் லேசாக வெளுத்திருந்தது. வீக்கம். காய்ச்சல் போகிற போக்கில் இதயத் தசையைக் கடித்துவிட்டுப் போயிருக்கிறது. இளவரசனைக் கடித்த மாதிரி.

அரை மணி நேரம் அவள் வேலையைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. அவர் ஒழுங்காக மூச்சை நிறுத்தினார், ஒழுங்காக விட்டார்.

ரோசரி ஊசிக்குழாய் வழியாக மருந்தைச் செலுத்திவிட்டு வந்தாள். "போயிடுச்சுக்கா."

"டாக்டரைக் கூட்டிட்டு வா. கடைசிப் படம் எடுக்கப் போறேன், வந்து உட்காந்து பாக்கணும்னு சொல்லு."

"அதுக்குப் பத்து நிமிஷம் இருக்கேக்கா."

"இப்பவே கூட்டிட்டு வா."

ரோசரி போனாள். ஜோதி பொத்தானை அழுத்தினாள்.

"மருந்து உள்ளே போயிருக்கு சார். எங்க தசை கெட்டிருக்கோ அங்க போய்த் தங்கும். பத்து நிமிஷம் ஆகும். அசையாம இருங்க."

"சரிம்மா. இதுவரைக்கும் என்ன தெரியுது?"

"ட்ரோபோனின் உங்க லேப்லயே போடுவீங்களா சார்?"

"இல்லம்மா. ஸ்ரீரங்கத்துல எடுக்கறதோட சரி. பெட்டியில வச்சு ஆத்துக்கு இந்தப் பக்கம் அனுப்பிடுவோம். மிஷின் இங்க மெயின் லேப்ல இருக்கு."

"வைகுண்ட ஏகாதசிக்கு எப்படி அனுப்புவீங்க?"

வெளியே தெரிந்த பாதங்களின் விரல்கள் மடங்கின.

"மூச்சை இழுங்க. விடுங்க. நிறுத்துங்க." இடையில் எடுக்க வேண்டிய படம் ஒன்று. எடுத்தாள். "மூச்சு விடலாம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஏகாதசி. போலீஸ் வண்டியைத் திருப்பிட்டாங்க. பெட்டி போகல. ஆனா பதினொன்னு பத்துக்கு ரிப்போர்ட் போச்சு."

"நீங்க யாரும்மா?"

"இளவரசன். இருபத்து மூணு வயசு. பிச்சைன்னு ஒருத்தர் உங்ககிட்ட வந்து கேட்டாரே, அவரு பையன். நான் அவன் அம்மா."

திரையின் மூலையில் எழுபத்தெட்டாக இருந்த இதயத் துடிப்பு தொண்ணூறு, நூறு, நூற்றுப் பன்னிரண்டு என்று ஏறியது. அந்த எண்ணை யாரும் அடிக்கவில்லை. அதுவாக ஏறியது.

"பந்து கையிலதான் இருக்கு சார். அழுத்தலாம்."

பாதங்கள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பந்து அழுந்தவில்லை. படம் பாதியில் நிற்பதை அவர் விரும்பவில்லை.

"என்ன மருந்தும்மா போட்டீங்க?"

"எல்லாருக்கும் போடறதுதான். நம்பலையா?"

"அம்மா, நான் நோயாளி."

"அவனும்தான்."

பின்னால் கதவு திறந்தது. படம் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர் அற்புதசாமி வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ரோசரி கதவோரம் நின்றாள். ஜோதி திரும்பவில்லை.

"அந்த ஜீரோ பாயிண்ட் ஜீரோ ஒன் எங்கேர்ந்து வந்துச்சு சார்?"

டாக்டர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"அம்மா, சின்னப் பையன்ம்மா," என்றது குழாய்க்குள்ளிருந்து வந்த குரல். "அந்த வயசுல யாருக்கும்மா ஹார்ட்டுல வரும்? வாசல்ல பத்து பேர் நிக்கறாங்க, அந்தத் தெருமுனை டாக்டர் போன் மேல போன் போடறாரு. பெட்டி போகாத நாள்ல சின்ன வயசுக்காரங்களுக்கு நார்மல்னு அடிச்சுக் குடுத்துடுவோம். ட்யூப் ஃப்ரிட்ஜ்லயே இருக்கும். மறுநாள் நிஜமா போட்டுப் பாப்போம். வேற மாதிரி வந்தா கூப்பிட்டுச் சொல்லிடுவோம். ஏமாத்தணும்னு யாரையும் நான்..."

"மூச்சை இழுங்க. விடுங்க. நிறுத்துங்க."

சத்தம் வந்தது, நின்றது. ஜோதி வாயைத் திறக்கவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். சொன்ன மாதிரியே செய்கிறவர்.

"ஜோதி," என்றார் டாக்டர், தணிந்த குரலில்.

"மூச்சு விடலாம் சார். மறுநாள் கூப்பிட்டீங்க. பத்து இருபதுக்கு. பதினாலு நொடி. என்ன சொல்றதுக்குக் கூப்பிட்டீங்க?"

"அவரு எடுத்தாரு. பையன் போயிட்டான்னு..."

"அவரு சொன்னது எனக்குத் தெரியும். நானும் அங்கதான் இருந்தேன். நீங்க என்ன சொல்ல வந்தீங்க?"

"என் படத்துல என்ன இருக்குன்னு முதல்ல சொல்லுங்கம்மா."

"நான் ரெண்டு வருஷம் முன்னாடியே கேட்டுட்டேன்."

நூற்றுப் பதினெட்டு. நூற்றிருபது. டாக்டர் மேசை விளிம்பில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொத்தானைப் பிடுங்கி நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

"பன்னெண்டு," என்றார் ரத்தினவேல். "பன்னெண்டு பாயிண்ட் நாலு. காலையில போட்டேன். மிஷின் தப்போன்னு இன்னொரு தடவையும் போட்டேன். அதேதான் வந்துச்சு. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். அவரு அழுதாரு. அதுக்கப்புறம் என்னத்தைச் சொல்றது? வச்சுட்டேன்."

ஜோதி பென்சிலை எடுத்து மேசையில் இருந்த தாளின் மூலையில் எழுதினாள். 12.4. இரண்டு வருஷம் அவளுடைய பிள்ளைக்கு 0.01 என்றுதான் பேர் இருந்தது. பன்னிரண்டு புள்ளி நாலை நெஞ்சில் வைத்துக்கொண்டு அவன் சீரகத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்திருக்கிறான். அம்மா சொன்னாள் என்று.

"அது இப்ப எங்க இருக்கு?"

"எது?"

"பன்னெண்டு பாயிண்ட் நாலு."

"மிஷின்ல."

"அழிக்கலையா?"

"அந்த மிஷின்ல நம்மால எதையும் அழிக்க முடியாதும்மா. பேர், தேதி, நேரம் எல்லாம் உள்ளே நிக்கும்." சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். "அம்மா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

"கையைத் தூக்காதீங்க சார். படம் கலங்கும். என் வீட்டுக்காரர் வந்தப்ப, உங்ககிட்ட என்ன இருக்குன்னு கேட்டீங்க. இப்ப இருக்கு."

பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். "பத்து நிமிஷம் ஆச்சு சார்," என்றாள் டாக்டரிடம். "கடைசிப் படம் எடுத்துடறேன்."

கடைசிப் படத்துக்கு ஒரு எண்ணைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சரியான எண்ணைப் போட்டால் நல்ல தசை கறுப்பாக நிற்கும், கெட்ட இடம் வெள்ளையாக எழும்பும். எண் தவறினால் எல்லாம் ஒரே சாம்பலாகிக் கெட்டது மறைந்துபோகும். யார் மேலும் குற்றம் வராது. நோயாளி அசைந்துவிட்டார், துடிப்பு அதிகம், படம் சரியாக வரவில்லை என்று எழுதிக்கொள்ளலாம். காலை எட்டு மணியிலிருந்து அந்த நினைப்பு ஜோதிக்குள் வந்துபோகாமல் இல்லை.

அவள் சரியான எண்ணைப் போட்டாள். ரத்தினவேலுக்காக இல்லை. இந்த மேசையிலிருந்து ஒரு பொய்ப் படம் இதுவரை போனதில்லை. அதைக் கெடுத்துக்கொள்ளும் அளவுக்கு அவர் பெரிய ஆள் இல்லை.

வெளிச்சுவரில், கறுப்பின் நடுவே, விரல் நகம் போல ஒரு வெள்ளைக் கீற்று.

ஜோதி அதை வெகுநேரம் பார்த்தாள். இளவரசனின் இதயத்தை யாரும் இப்படிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இதே இடத்தில் இதே வெள்ளை இருந்திருக்கும், இன்னும் அகலமாக. இதுவும் அகலமாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தாள். நினைத்ததற்காக அவளுக்கு வெட்கம் வரவில்லை.

"சின்ன இடம்தான்," என்றார் டாக்டர் திரையைப் பார்த்தபடி. "பம்பிங் நல்லா இருக்கு. ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும். பொழைச்சுக்குவாரு."

"பொழைக்கட்டும் சார். நூறு வயசு இருக்கட்டும். கூண்டுல ஏறி நிக்கத் தெம்பு வேணுமில்ல."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க பண்ணது தப்பு ஜோதி. வீங்கின இதயத்தோட ஒருத்தர் உள்ளே படுத்திருக்காரு. துடிப்பை நூத்தி இருபதுக்கு ஏத்தி விட்டிருக்கீங்க. அவருக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

"தெரியும் சார்."

"நான் மேனேஜ்மெண்டுக்கு எழுதியாகணும்."

"எழுதுங்க."

"வேலை போகலாம்."

"தெரியும் சார்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். தாளின் மூலையில் இருந்த எண்ணைப் பார்த்தார். "நான் கேட்டதையும் எழுதணும். பெட்டி போகலைங்கறதை, அடிச்சுக் குடுத்தேன்னு அவர் சொன்னதை, இந்த நம்பரை. மிஷின்ல இருக்குன்னு அவரே சொன்னாரு. அதை எடுக்கச் சொல்லி விசாரணைக்காரங்களுக்குத்தான் அனுப்பணும்."

"ரெண்டையும் ஒரே தாள்ல எழுதுங்க சார். நான் பண்ணது மேல, அவரு பண்ணது கீழ. நேரம் போட்டு எழுதுங்க. எனக்கு ஒரு காப்பி வேணும்."

"நானும் கேட்டேன் சார்," என்றாள் ரோசரி கதவோரத்திலிருந்து. "என் பேரையும் போடுங்க."

ஜோதி போனை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனாள். பிச்சை இரண்டாவது மணியிலேயே எடுத்தார். சவாரியில் இருந்தார், பின்னால் ஹாரன் சத்தம்.

"என்னங்க, ஓரமா நிறுத்துங்க."

"நிறுத்திட்டேன், சொல்லு."

"அந்த போன் எதுக்கு வந்துச்சுன்னு தெரிஞ்சுடுச்சு."

ஆட்டோவின் இன்ஜின் அணைந்தது. ஹாரன்கள் மட்டும் கேட்டன.

"நிஜ நம்பர் மறுநாள் வந்திருக்கு. பன்னெண்டு பாயிண்ட் நாலு. மிஷின்ல இருக்கு, அழிக்க முடியாதாம். அவன் வாயாலயே சொல்லிட்டான். டாக்டரும் ரோசரியும் கேட்டாங்க."

"அப்ப வாயு இல்ல," என்றார் பிச்சை.

"இல்லங்க."

"நான் நடத்தியாவது கூட்டிட்டு வந்திருக்கணும்."

"நான்தான் வேணாம்னேன். அதை அப்புறம் அழுவோம். இப்ப சவாரியை இறக்கிவிட்டுட்டு ருக்ஸார் வீட்டுக்குப் போங்க. கல்யாணம்தான் முடிஞ்சுடுச்சே. அவங்க அத்தாவையும் மாப்பிள்ளையையும் உட்கார வச்சுச் சொல்லுங்க, அவ தனியா சொல்ல வேணாம், இப்ப நாங்க மூணு பேர் இருக்கோம்னு."

அவள் திரும்பி வந்தபோது ரோசரி மேசையை வெளியே இழுத்து ரத்தினவேலை உட்கார வைத்திருந்தாள். பச்சை அங்கி வியர்வையில் உடம்போடு ஒட்டியிருந்தது. அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். டாக்டர் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்.

"அவரு எப்ப வந்தாரு?"

"பாதியிலயே வந்துட்டாரு சார்," என்றாள் ஜோதி.

"பட்டனை அழுத்தினாத்தானே கேக்கும்?"

"பட்டன் நாங்க பேசறதுக்கு. உள்ளே இருக்கறவங்க பேசறது அங்க எப்பவும் கேக்கும். மூச்சு முட்டினா எங்களுக்குத் தெரியணுமில்ல."

ஜோதி முகக்கவசத்தைக் கழற்றினாள். இளவரசனுக்கு அவளுடைய மூக்கு, அவளுடைய தாடை. ஒரு நாள் காலையில் ரத்தம் கொடுக்க வந்து உட்கார்ந்த பையனுடைய முகம் அவருக்கு நினைவிருக்குமோ என்னவோ. அவள் தட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். மோதிரங்கள், கடிகாரம், தாயத்து, அரைஞாண். எல்லாவற்றிலும் அவர் பேர் ஒட்டியிருந்தது.

"சரியா இருக்கான்னு பாத்துக்குங்க சார்."

அவர் தட்டைப் பார்க்கவில்லை.

"என் ரிசல்ட்டு?"

"டாக்டர் எழுதுவாரு. சாயந்தரம் ஆகும். நிஜமா பாத்து எழுதணும்னா நேரம் எடுக்கும்."

"நீங்க பாத்தீங்கள்ல. உங்களுக்குத் தெரியும். நான் பண்ணதுக்கு என்ன வேணா பண்ணுங்க, மாட்டேன்னு சொல்லல. உயிருக்கு ஏதாவதான்னு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிடுங்கம்மா. சாயந்தரம் வரைக்கும் என்னால முடியாது."

அவர் கை தட்டில் தாயத்தைத் துழாவியது. ஜோதி அதை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். குரலை உயர்த்தவில்லை. அன்றைக்குப் போனில் பிள்ளையிடம் பேசிய அதே குரலில் சொன்னாள்.

"ஒண்ணுமில்ல சார். வாயுவா இருக்கும். சீரகத் தண்ணி குடிச்சிட்டுப் படுங்க."

ரத்தினவேல் அவள் முகத்தையே பார்த்தார். இப்படிச் சொல்லப்படும் வார்த்தைக்குப் பின்னால் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம், ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம் என்று அவரைவிடத் தெரிந்தவர் யாரும் அந்த அறையில் இல்லை.

"நிஜமாவாம்மா?"

ஜோதி அடுத்த நோயாளியின் சீட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"பேப்பர்ல வரும் சார்."